ஹெர்பீஸ் புண் ஆறிவிட்டது, தடம் போகவில்லை: தைக்குள் அழிக்க வழி உண்டா?

நொய்யல்கரையான் (காங்கேயம் பக்கம்)
ஞாயிறு, இரவு 11.40

எல்லோருக்கும் வணக்கங்க. இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு மாதம் யோசித்துவிட்டேன். வயது 31. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். போன வருஷம் ஆடியில் எனக்குப் பிறப்புறுப்பு ஹெர்பீஸ் வந்தது, உடலுறவில் தொற்றுகிற வைரஸ் நோய். முதலில் சுருக் சுருக்கென்று ஒரு எரிச்சல். மறுநாள் ஜவ்வரிசி மாதிரி கொத்தாக நீர்க்கொப்புளம். இரண்டே நாளில் உடைந்து புண்ணாகி, தொடை இடுக்கில் நெறி கட்டி, காய்ச்சலும் வந்துவிட்டது. வீட்டில் காய்ச்சலை மட்டும்தான் சொன்னேன். "சூடு கண்ணு, எளநி குடி" என்று அம்மா வெட்டிக் கொடுத்தார்.

கூச்சத்தில் டாக்டரிடம் போகவில்லை. மருந்துக்கடையில் "இடுக்குல அரிப்பு" என்று பொய் சொல்லி ஒரு ட்யூப் வாங்கிப் பூசினேன். எரிச்சல் கொஞ்சம் அடங்கியது, புண் பெரிதானது. ஆறாம் நாள்தான் டாக்டரைப் பார்த்தேன். வைரஸை அடக்கும் மாத்திரை கொடுத்தார், அசைக்ளோவிர் 400 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை, 10 நாள். புண் ஆறியது. ஆனால் அந்த ட்யூபை நான் விடவில்லை. தடம் மறையட்டும் என்று இன்னும் மூன்று மாதம் பூசினேன்.

இப்போது மிளகு அளவில் இரண்டு வெள்ளைப் புள்ளி, அடிப்பக்கம் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு திட்டு, இடுக்கில் தோல் மெலிந்து கோடு கோடாக இருக்கிறது. தினமும் ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு குளியலறையில் போன் டார்ச்சை அடித்துப் பார்க்கிறேன். படம் எடுத்து நேற்றைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். 14 மாதப் படங்கள் போனில் இருக்கின்றன. தையில் பெண் பார்க்கப் போகிறார்கள். அதற்குள் இந்தத் தடத்தை அழிக்க லேசர் மாதிரி ஏதாவது இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்க.

மஞ்சக்காடு (ஈரோடு)
திங்கள், காலை 6.15

தம்பி, இது அக்கிதானே. எங்கள் ஊரில் மண்பாண்டம் செய்கிறவரிடம் போனால் காவி குழைத்து எழுதிவிடுவார். என் சித்தப்பாவுக்கு முதுகில் வந்தது, எழுதிய ஒரு வாரத்தில் காய்ந்துவிட்டது. வெட்கமான இடம் என்றால் காவியை வாங்கி வந்து நீயே பூசிக்கொள்ளலாம். தடத்துக்குப் படிகாரத்தை உரைத்துப் போடு. நல்லது நினைத்துத்தான் சொல்கிறேன்.

தறிச்சத்தம் (சோமனூர்)
திங்கள், காலை 7.50

அண்ணா, உங்கள் மனசு நல்ல மனசு. ஆனால் படிகாரம் வேண்டாம் என்று காலில் விழுந்து கேட்கிறேன். நான் அதைச் செய்தவன்.

எனக்கு வந்து 4 வருஷம் ஆகிறது. ஒருத்தர் சொன்னார் என்று படிகாரத்தைச் சந்தனக் கல்லில் உரைத்து, கெட்டியாக வழித்து, பச்சைப் புண்ணின்மேல் அப்பினேன். அந்த எரிச்சலுக்குத் துண்டைக் கடித்துக்கொண்டு தறிக்குடோன் சுவரில் சாய்ந்து நின்றேன். அப்பிய இடம் வெளிறி, கட்டியாகி, நாலு நாள் கழித்துப் பொருக்காகக் கழன்றது. கீழே குழி. இன்றைக்கும் விரல் வைத்தால் அந்தக் குழி தெரியும். அதே சமயம் அரை இஞ்ச் தள்ளி இன்னொரு கொத்து இருந்தது. கை எட்டாத இடம் என்பதால் அதை அப்படியே விட்டுவிட்டேன். அங்கே இப்போது ஒன்றுமே இல்லை. ஒரே உடம்பு, ஒரே வாரம். ஹெர்பீஸ் போட்ட தழும்பு என்று எனக்கு ஒன்றுமில்லை, இருப்பது படிகாரம் போட்ட தழும்பு.

தோல்மருத்துவர் (கோவை)
திங்கள், இரவு 9.30

தறிச்சத்தம் சொன்னதுதான் இந்த விஷயத்தின் மையம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அக்கி. கொங்கில் அக்கி என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஹெர்பீஸ் ஸோஸ்டர். சின்னம்மை வந்துபோன பிறகு நரம்பில் தங்கிய கிருமி, வயதானபின் விலாவிலோ முதுகிலோ பட்டையாகக் கிளம்புவது. பிறப்புறுப்பில் வருவது ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ். பெயரில் பாதி ஒன்று, கிருமி வேறு. இரண்டுமே தானாகக் காய்ந்துவிடும் என்பதால், அந்த நேரத்தில் எதைப் பூசினாலும் அதுதான் ஆற்றியது என்று தோன்றும். சித்தப்பாவுக்கு நடந்தது அதுதான். முதுகில் பூசிய காவி கெடுதல் செய்யாமல் போய்விட்டது. பிறப்புறுப்பின் மெல்லிய தோலில், திறந்த புண்ணில் மண் பட்டால் சீழ் பிடிக்கும்.

ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் தோலின் மேலடுக்கைத்தான் பெரும்பாலும் தின்னும். மேலடுக்கு மறுபடி முளைக்கக் கூடியது. அதனால்தான் முதல் முறை வந்த புண் 2 முதல் 4 வாரத்தில், தழும்பே இல்லாமல் ஆறுவது வழக்கம். தழும்பு விழ வேண்டும் என்றால் காயம் கீழடுக்கு வரைக்கும் போயிருக்க வேண்டும். பொருக்கைப் பிய்ப்பது, சீழ் பிடிப்பது, படிகாரம், எருக்கம்பால், சேராங்கொட்டை போன்றவற்றைப் பூசுவது, இதெல்லாம் கீழே கொண்டுபோகும். எச்ஐவியால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குப் புண் ஆழமாகி மாதக்கணக்கில் நிற்கும். ஹெர்பீஸ் என்று தெரிந்த எல்லோருக்கும் எச்ஐவி பரிசோதனை, விடிஆர்எல் என்ற சிபிலிஸ் (மேகப்புண்) பரிசோதனை இரண்டும் எடுக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

நொய்யல்கரையான், உங்கள் தடங்களைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதை வைத்து மூன்றையும் ஒரே சாமானாக நினைக்க வேண்டாம். கத்தரிப்பூ நிறத் திட்டு என்பது அழற்சி அடங்கிய பிறகு மிஞ்சும் கருமை. நம்முடைய மாநிறத் தோலில் கொசுக்கடிகூட இப்படித்தான் கறுத்து நிற்கும். அது தழும்பு அல்ல, நிறம். மாதக்கணக்கில், சில பேருக்கு ஒன்றிரண்டு வருஷத்தில் மெல்ல மங்கும். வெள்ளைப் புள்ளியும் பெரும்பாலும் நிறம் குறைந்த இடம்தான், அதுவும் நாளடைவில் தேறும். மெலிந்த கோடுதான் எனக்குக் கவலை. நீங்கள் வாங்கிய ட்யூபில் ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். ஸ்டீராய்டு முதலில் எரிச்சலை அடக்கும், அதே நேரம் கிருமிக்குக் கதவைத் திறந்துவிடும். தொடை இடுக்கில் தோல் மடிந்து மூடியிருப்பதால் மருந்து மற்ற இடத்தைவிட அதிகமாக உள்ளே இறங்கும், தோல் மெலிந்து வரி விழும். 2018இல் மத்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று சட்டத்தில் சேர்த்தது. ஆனாலும் கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள். இனி அந்த ட்யூபைத் தொடாதீர்கள். வரி முழுதாகப் போகாது, ஆனால் நிறம் மங்கித் தோலோடு கலந்துவிடும்.

லேசர் இப்போது வேண்டாம். அந்தச் சூடே உள்ளே தூங்கும் ஹெர்பீஸைக் கிளப்பிவிடலாம். அவசியம் செய்தே ஆக வேண்டும் என்றால் முன்கூட்டியே ஆன்டிவைரல் மாத்திரை கொடுத்துவிட்டுத்தான் செய்வார்கள். முகத்துக்குப் போடும் வெளுப்புக் களிம்புகளை அங்கே கொண்டுபோகவே கூடாது. வெறும் வாசலின், தளர்வான பருத்தி உள்ளாடை, சோப்பு போட்டுத் தேய்க்காமல் தண்ணீர்க் குளியல், இதற்குமேல் அந்தத் தோல் உங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. கட்டியாகத் தடித்தாலோ, வெள்ளைப் பகுதி பரவினாலோ, அரித்தாலோ உடனே காட்டுங்கள்.

மஞ்சக்காடு (ஈரோடு)
திங்கள், இரவு 10.05

டாக்டர், தெரியாமல் சொல்லிவிட்டேன். தம்பி, நான் சொன்னதை விட்டுவிடு. மற்றவர்கள் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று என் பதிவை அழிக்காமல் விடுகிறேன்.

ஆழியார் (பொள்ளாச்சி)
செவ்வாய், மதியம் 1.20

டாக்டர் எழுதியதோடு என் கதையையும் வைக்கிறேன். இரண்டு வருஷம் எனக்கு ஹெர்பீஸ் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை, உறுப்பின் நுனியில் அதே இடத்தில் எரிந்து, சிவந்து, தோல் உரிந்து, கன்னங்கரேலென்று ஒரு வட்டம் விட்டுப்போகும். ஒவ்வொரு தடவையும் வட்டம் இன்னும் கறுக்கும். அசைக்ளோவிர் எத்தனையோ தின்றேன். மனைவியோடு பேச்சே குறைந்துபோனது.

கடைசியில் ஒரு தோல் டாக்டர் கேட்ட கேள்வி: "இது வருவதற்கு முந்தின நாள் என்ன மாத்திரை போட்டீங்க?" யோசித்துப் பார்த்தால், தோப்பில் ஆள்களோடு சாப்பிட்டு வயிற்றுப்போக்கு வரும்போதெல்லாம் கடையில் ஒரு மாத்திரை வாங்கிப் போடுவேன், நார்ஃப்ளாக்சசினும் டினிடசோலும் சேர்ந்தது. அந்த மாத்திரைக்கு என் உடம்பு காட்டிய ஒவ்வாமைதான் அது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்து கறுப்பு வட்டம் விடுவதுதான் அதன் அடையாளமாம். மாத்திரையை நிறுத்தினேன், அப்புறம் வரவே இல்லை. கறுப்பு மங்க ஒன்றரை வருஷம் ஆனது. ஆகவே முதலில் நோய் என்னவென்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

பவானி அக்கா (குமாரபாளையம்)
செவ்வாய், இரவு 11.55

இந்த இழையில் பெண்கள் யாரும் இல்லை, அதனால் எழுதுகிறேன். வயது 38. என் வீட்டுக்காரர் மூலமாக வந்தது, 6 வருஷம் ஆகிறது. அவரை இங்கே திட்டி எழுத வரவில்லை. அவருக்கே கொப்புளம் வந்ததில்லை, அவருக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

தம்பி தினமும் டார்ச் அடித்துப் பார்க்கிறேன் என்றார். நான் இந்த 6 வருஷத்தில் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. குளிக்கும்போது கையை வைக்க மாட்டேன், செம்பில் தண்ணீர் ஊற்றி விட்டுவிடுவேன். ஓரமாகச் சொரசொரவென்று ஏதோ வரி ஓடுகிறது, சில நாள் அரிக்கிறது. ஹெர்பீஸ் தழும்பு, காலம் முழுக்க இப்படித்தான் என்று இருந்துவிட்டேன். அரித்தால் காட்டச் சொல்லி டாக்டர் எழுதியதைப் படித்ததிலிருந்து தூக்கம் வரவில்லை. டாக்டர், தழும்பு அரிக்குமா?

தோல்மருத்துவர் (கோவை)
புதன், காலை 6.40

அக்கா, பழைய ஹெர்பீஸ் தடம் 6 வருஷம் கழித்து அரிப்பது வழக்கமில்லை. பெண்களுக்கு அந்த இடத்தில் வெளுத்து, மெலிந்து, அரிக்கும் வேறு தோல் நோய் ஒன்று உண்டு, லைக்கன் ஸ்க்ளீரோசஸ். தொற்று நோய் அல்ல, யாரிடமிருந்தும் வந்ததும் அல்ல. மருந்து இருக்கிறது, ஆனால் கவனிக்காமல் விட்டால் தோல் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். சாதாரணப் பூஞ்சையாகவும் இருக்கலாம். இந்த வாரமே போய்க் காட்டுங்கள். பெண் மருத்துவரைக் கேட்டு வாங்கலாம், அது உங்கள் உரிமை.

நொய்யல்கரையான் (காங்கேயம் பக்கம்)
புதன், இரவு 10.30

டாக்டர், ட்யூபின் அட்டையை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்ன மூன்றும் இருக்கின்றன. தூக்கி எறிந்துவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன். நிறம் தானாக மங்கிவிடும் என்றால், தையைத் தள்ளிப்போட்டு அடுத்த வருஷம் கல்யாணம் செய்துகொண்டால் அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டிய அவசியம் இருக்காது, இல்லையா? இதுவரைக்கும் இரண்டு தடவைதான் திரும்ப வந்தது, அதுவும் சின்னதாக.

அமராவதி (தாராபுரம்)
புதன், இரவு 11.10

சொல்லாதீங்க நண்பா. நம் பக்கம் ஒரு வார்த்தை வெளியே போனால் கறிவிருந்துப் பந்தியில் பேசுவார்கள். உங்கள் தங்கைக்கு நாளைக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டாமா? தடம் போன பிறகு எதற்கு வம்பு.

தோல்மருத்துவர் (கோவை)
வியாழன், காலை 7.00

இங்கே ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது. தடத்தில் கிருமி இல்லை. தடத்தைத் தொட்டால் யாருக்கும் ஒன்றும் வராது. கிருமி இருப்பது முதுகுத்தண்டின் அடிப்பகுதிக்குப் பக்கத்தில் உள்ள நரம்பு முடிச்சில். அங்கிருந்து அவ்வப்போது தோலுக்கு இறங்கி வரும். கொப்புளம் இல்லாமல், எரிச்சல் இல்லாமல், தோல் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருக்கும் நாளிலும் இறங்கும். பவானி அக்காவுக்கு வந்தது அப்படித்தான் இருக்க வேண்டும். ஆகவே தடத்தை அழித்துவிட்டால் அந்தப் பெண்ணுக்கு ஆபத்து குறையாது. தடம் அப்படியே இருந்தாலும் ஆபத்து அதிகமாகாது.

குறைக்கக் கூடியவை வேறு. வாலசைக்ளோவிர் 500 மில்லிகிராம் தினமும் எடுத்தால் துணைக்குப் பரவும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆணுறை இன்னும் குறைக்கும். எரிச்சல் தொடங்கினாலே உறவைத் தள்ளிப்போடுவது ரொம்ப முக்கியம். தினமும் மாத்திரை எடுத்தால் புதிதாகக் கொப்புளம் வருவதும் வெகுவாகக் குறையும், புதுத் தடம் விழுவதும் குறையும். அப்புறம் பிரசவம். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் ஒரு பெண்ணுக்கு முதல் முறையாக இது தொற்றினால் குழந்தைக்கு உயிராபத்து வரலாம். முன்னமே தெரிந்திருந்தால் மகப்பேறு மருத்துவர் அதற்கேற்பப் பார்த்துக்கொள்வார். தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து.

நீங்கள் மட்டும் இல்லை என்பதற்காக ஒரு எண்ணையும் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி 15 முதல் 49 வயதுக்குள் பிறப்புறுப்பு ஹெர்பீஸ் உள்ளவர்கள் சுமார் 84.6 கோடி. ஐந்தில் ஒருவருக்கு மேல்.

பவானி அக்கா (குமாரபாளையம்)
வியாழன், மதியம் 2.45

தம்பி, நான் அந்தப் பெண்ணின் இடத்தில் நின்று சொல்கிறேன். எனக்கு நோய் வந்ததைவிட, முதல் கொப்புளம் வந்த ராத்திரி இது என்னவென்றே தெரியாமல், நான் என்ன பாவம் செய்தேன் என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேனே, அதுதான் ஆறவில்லை. முன்னமே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அவரைக் கட்டியிருப்பேனா இல்லையா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்த முடிவு என்னுடையதாக இருந்திருக்கும்.

அமராவதி தம்பி, பந்தியில் பேசுவார்கள் என்பது நிஜம். அந்தப் பயம் எனக்கும் உண்டு. அதற்காக ஊருக்கு மைக் போட்டுச் சொல்லச் சொல்லவில்லை. ஒரே ஒருத்தியிடம் சொன்னால் போதும்.

அமராவதி (தாராபுரம்)
வியாழன், இரவு 9.15

அக்கா, குழந்தை விஷயம் எனக்குத் தெரியாது. நான் எழுதியது தப்பு.

நொய்யல்கரையான் (காங்கேயம் பக்கம்)
மூன்று வாரம் கழித்து, சனி, இரவு 8.20

எல்லோருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஊரில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயந்து தொலைவில் ஒரு அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவுக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு கல்லூரிப் பையன், பின்னால் என் அப்பா வயதில் ஒருவர். யாரும் யாரையும் பார்க்கவில்லை. டாக்டர் விளக்கைப் பிடித்து ஒரு நிமிஷம் பார்த்தார். "புண் வந்தப்போ இங்க வந்திருந்தா சிவப்புப் பாக்கெட் குடுத்து அனுப்பியிருப்போம், காசும் இல்ல" என்றார். அரசு மையங்களில் பிறப்புறுப்பு நோய்களுக்கு நிறம் பிரித்து மருந்துப் பாக்கெட் வைத்திருக்கிறார்களாம், ஹெர்பீஸுக்குச் சிவப்பு. இடுக்கில் இருப்பது ஸ்டீராய்டு வரி, மற்றவை நிறம்தான் என்று சொல்லிவிட்டார். பக்கத்திலேயே இருந்த நம்பிக்கை மையத்தில் எச்ஐவி பரிசோதனை, அப்புறம் விடிஆர்எல். இரண்டும் இல்லை என்று வந்தது. முடிவு கையில் கிடைத்தபோது மருத்துவமனை வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டேன், வண்டி ஓட்ட முடியவில்லை.

போனில் இருந்த படங்களை அங்கேயே அழித்தேன். 400க்கு மேல் இருந்தன. முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். அந்தக் கத்தரிப்பூ நிறம் பாதிக்குமேல் மங்கியிருந்தது. தினமும் பார்த்ததால் எனக்கு அது தெரியாமல் போயிருக்கிறது.

தறிச்சத்தம் (சோமனூர்)
சனி, இரவு 8.50

ரொம்ப நல்லதுங்க. ஒன்று மட்டும் சொல்கிறேன், இறுக்கமான எலாஸ்டிக் போடாதீங்க. எலாஸ்டிக் உரசுகிற இடத்தில்தான் எனக்குக் கருமை கடைசி வரைக்கும் நின்றது.

நொய்யல்கரையான் (காங்கேயம் பக்கம்)
மாசி, வெள்ளி, இரவு 10.10

தையில் பெண் பார்த்தோம். ஜாதகம் பொருந்தி, இரண்டு வீட்டுக்கும் பிடித்துவிட்டது. பேச வேண்டும் என்று கேட்டு, ஒரு பேக்கரியில் சந்தித்தோம். அவருடைய அக்கா பக்கத்து மேசையில் இருந்தார். டீ ஆறிப்போகிற வரைக்கும் எனக்கு வாய் வரவில்லை. அப்புறம் நோயின் பெயர், எப்போது வந்தது, என்ன மாத்திரை, பரவ எவ்வளவு வாய்ப்பு, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இத எங்கிட்டச் சொல்லணும்னு யாராச்சும் சொன்னாங்களா, நீங்களாச் சொல்றீங்களா?" ஒரு அக்கா சொன்னார், சரியென்று பட்டது என்றேன்.

நாலாம் நாள் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். காரணம், மேல்படிப்பு படிக்க ஆசைப்படுகிறார் என்று. இதுவரைக்கும் வெளியே ஒரு வார்த்தைகூடப் போகவில்லை. மனசு வலித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் டார்ச் அடித்துப் பார்ப்பதை விட்டுவிட்டேன். அம்மா அடுத்த ஜாதகம் வாங்கி வைத்திருக்கிறார். அந்தப் பெண்ணிடமும் சொல்வேன்.

பவானி அக்கா (குமாரபாளையம்)
வெள்ளி, இரவு 11.30

தம்பி, நானும் போய்க் காட்டினேன். டாக்டரம்மா கையில் ஒரு சின்னக் கண்ணாடியைக் கொடுத்து, "நீங்களே பாருங்க" என்றார். ஆறு வருஷத்துக்குப் பிறகு பார்த்தேன். ஹெர்பீஸ் வந்த இடத்தில் ஒன்றும் இல்லை. அரித்தது இந்த டாக்டர் சொன்ன அந்த வேறு நோய், ஆரம்ப நிலைதானாம். களிம்பு கொடுத்திருக்கிறார். எவ்வளவு, எங்கே, எத்தனை நாள் என்று எழுதி வாங்கிவிட்டேன். மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார், சித்திரைக் கடைசியில்.